லா கர்சா நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
இலாரியா மாத்துஸ் (கணவரை இழந்தவர், ரயிலடியில் சாப்பாடு விற்பவர்),
ரயில் நிலையம் எதிரில், லா கர்சா,
தெவாந்தெபெக் வட்டம், மெக்சிகோ.

பெறுநர்:
உயர்திரு. தோன் எவரிஸ்தோ கார்த்தாஸ் அவர்கள்,
ஆட்சித் தலைவர்,
தெவாந்தெபெக் வட்டம்.

பொருள்: பனாமாவில் கப்பல் கால்வாய் திறந்ததால் எங்கள் பாதையில் சர்க்கரை ரயில்கள் நின்றுபோனமை – அதைக் காரணம் காட்டி லா கர்சா நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியையும் நீரேற்றும் இயந்திரத்தையும் கம்பெனியார் கழற்றிக்கொண்டு போக இருப்பது – தடுத்து நிறுத்த வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு பல அலுவலகங்களுக்கு அனுப்பிய மூன்று மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் நான்காவது மனு. முதல் மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. தாங்கள் இந்த மாதம்தான் பொறுப்பேற்றீர்கள் என்று அறிகிறேன். ஆகவே பழைய அலுவலர்கள் மேலுள்ள கோபத்தைத் தங்கள் தலையில் இறக்காமல், நடந்ததை முதலிலிருந்து தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எனக்குப் பேச்சு உண்டு, எழுத்து கிடையாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் எங்கள் கோயில் பணியாளர் திபுர்சியோ. "அத்தை, அதிகாரிக்கு இப்படியெல்லாம் எழுதக் கூடாது" என்று இப்போதே ஒரு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீ எழுதுடா, திட்டு வாங்குறது நான்தானே" என்றேன். ஆகவே இதில் மரியாதைக் குறைவு ஏதேனும் இருந்தால் அது என்னுடையது. எழுத்துப் பிழை அவருடையது.

3. வரும் சனிக்கிழமை ரயிலில் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். தொட்டியைக் கழற்றி, தகடு தகடாகப் பிரித்து, நீரேற்றும் இயந்திரத்தோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஐரோப்பாவில் நடக்கும் சண்டையால் இரும்புக்கு நல்ல விலையாம். அதன்பின் லா கர்சாவுக்குத் தண்ணீர் இல்லை. ஆறு அரை நாள் நடை. இந்த மாதத்தில் ஆறு என்பதும் பேருக்குத்தான், மணலைத் தோண்டினால் ஈரம் தட்டும். கைக்குழந்தைக்காரிகளும் நடக்க முடியாதவர்களும் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, கம்பெனியின் பிரிவு மேற்பார்வையாளர், "வேற ஊருக்குப் போயிடுங்கம்மா, நிறைய ஊர் இருக்கு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உதவி செய்வதாக நினைத்தே சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

4. ரயில் வருமுன் எங்களுக்கு ஓர் ஊற்று இருந்தது. ஊருக்குக் கிழக்கே பள்ளத்தில், அத்திமரத்தடியில். கோடையிலும் வற்றாது. படியிறங்கி மொண்டு வருவோம். பாதை போட வந்த பொறியாளர் ஹாலம், இங்கிலாந்துக்காரர், அந்த ஊற்றைக் கேட்டார். மேட்டில் ஏறுமுன் என்ஜின்களுக்குத் தண்ணீர் வேண்டும், சுற்று வட்டாரத்தில் வேறு நல்ல தண்ணீர் இல்லை. ஊற்றைச் சுற்றிக் கல் கட்டி, இரும்பு மூடி போட்டு, குழாய் இறக்கி, நீராவி இயந்திரத்தால் மேலே ஏற்றி, நிலையத்தருகே உயரத்தில் தொட்டி கட்டுவதாகச் சொன்னார். தொட்டியின் காலில் ஊருக்கென்று ஒரு குழாய் இருக்கும், அதை யாரும் மூட மாட்டார்கள் என்றார். இனிப் பள்ளத்தில் இறங்க வேண்டாம் என்றதும் ஊரில் உள்ள முழங்கால் வலிக்காரிகள் எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டோம்.

5. எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் பத்திரம் கேட்டிருப்பார்கள். நாங்கள் ஞானத் தகப்பன் கேட்டோம்.

தாங்களும் இந்தப் பக்கத்தில் பிறந்தவர், நான் விளக்கத் தேவையில்லை. புது வீடானாலும் கோயில் மணியானாலும், அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஒருவர் ஞானத் தகப்பனாக நின்ற பிறகுதான் அது எங்களுடையது. நின்றவர் அதைச் சாகும்வரை கைவிடக் கூடாது. பிள்ளைக்குத் தாயாக நிற்பவளும் ஞானத் தகப்பனும் அன்றிலிருந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள், அவர் அவளைக் கொமாத்ரே என்பார். கூடப் பிறந்தவன் சண்டை போட்டுக்கொண்டு போகலாம், கொம்பாத்ரே போக முடியாது. பத்திரத்தைக் கரையான் தின்னும், இந்த உறவை எது தின்னும் என்று நினைத்தோம்.

6. ஆகவே ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று தொட்டிக்கு ஞானஸ்நானம் நடந்தது. அவர் பெயரையே பெண்பெயராக்கி ஹுவானா என்று வைத்தோம். பாதை போட்டவர்களுக்கு நான்தான் சமைத்துப் போட்டேன் என்பதாலும், எனக்குப் பிள்ளை இல்லை என்பதாலும், தாயாக என்னை நிறுத்தினார்கள். "அடியே இலாரியா, உனக்குப் பொறந்தது கொஞ்சம் கனம்தான்" என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிரியார் இரும்பில் தீர்த்தம் தெளித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. திபுர்சியோ இதை அடித்துவிட வேண்டாம்.

ஹாலம் துரைதான் ஞானத் தகப்பனாக நிற்பதாக இருந்தது. பாதிரியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் வேற சபை. பிள்ளைக்குன்னாலும் சரி, தொட்டிக்குன்னாலும் சரி, என் பங்குல அது நடக்காது" என்றார். துரை கோபப்படவில்லை. உடன் வந்திருந்த மொழிபெயர்ப்பாளரை, அரசாங்கம் அனுப்பியிருந்த ஓர் இளைஞரை, தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவர் நின்றார். அவரைப் பற்றிக் கடைசியில் தெரிவிப்பேன்.

7. அதன்பின் நாங்கள் வாழ்ந்த வாழ்வைத் தாங்கள் அறிவீர்கள். ஹவாய்த் தீவுகளிலிருந்து சர்க்கரை கப்பலில் சலீனா குரூஸ் துறைமுகத்துக்கு வரும். அங்கே மூட்டையை இறக்கி ரயிலில் ஏற்றி, நிலத்தைக் குறுக்கே கடந்து, வடக்கே மறுகரைக் கடலில் வேறு கப்பலில் ஏற்றுவார்கள். ஒரு ரயிலின் புகை அடங்குமுன் அடுத்ததன் ஊதல் கேட்கும். எல்லாமே எங்கள் ஹுவானாவிடம் நின்று குடித்துவிட்டுத்தான் போகும். என்ஜின் குடிக்கிற நேரத்துக்குள் நாங்கள் விற்றாக வேண்டும். சோள ரொட்டி, உலர்ந்த இறால், சோளமாவில் பேரோணான் கறி வைத்து வாழையிலையில் பொதிந்து அவித்த தமால். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய சர்க்கரையைக் கூட்டி அள்ளிக் காப்பியில் போட்டுக்கொண்டோம். தண்டவாளத்து எறும்புகள் எங்கள் ஊர்ப் பன்றிகளைவிடக் கொழுத்திருந்தன.

ஆண்டுதோறும் அருளப்பர் திருநாளுக்கு முன் கம்பெனியிலிருந்து சிவப்புச் சாயம் வரும், தொட்டிக்குப் பூசுவார்கள். ஞானத் தகப்பன் பிள்ளைக்குப் புதுத் துணி எடுத்து அனுப்புகிறார் என்று நாங்கள் நினைத்தோம். பதிலுக்குக் கூடை நிறையத் தமால் அனுப்பினோம். அது துருப் பிடிக்காமலிருக்கக் கம்பெனி எல்லாத் தொட்டிக்கும் செய்கிற வேலை என்று மேற்பார்வையாளர் இப்போது சொல்கிறார். தமாலை யார் தின்றார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

8. பிறகு பனாமாவில் கால்வாய் திறந்தார்கள். என் தம்பி ரொசலீனோ நீரேற்றும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். அவன் வந்து சொன்னபோது எனக்குப் புரியவில்லை. "கப்பல் கடல்ல போறது புதுசாடா?" என்றேன். "இல்லக்கா, இனிமே மூட்டைய இறக்கவே வேணாம். இந்தக் கடல்ல ஏத்துனது ஏத்துனபடியே அந்தக் கடலுக்குப் போயிடும்" என்றான். மூட்டையை இறக்காவிட்டால் ரயில் எதற்கு?

சில நாளில் ஓர் என்ஜின் ஓட்டுநர் வழக்கத்தைவிட அதிகமாக ரொட்டி வாங்கினார். "அக்கா, இனிமே எப்ப வருவேன்னு தெரியல" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அடுத்த வாரமும் சமைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றோம். இலவு காத்த கிளி போல நின்றோம் என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. ரயில் வரவில்லை. சமைத்ததை நாங்களே தின்று தீர்த்தோம். தண்டவாளத்தில் சர்க்கரை இல்லாததால் எறும்புகள் வீட்டுக்குள் வந்துவிட்டன.

9. கால்வாய்க்கு நாங்கள் சாபம் கொடுத்ததாகத் தங்கள் அலுவலகத்துக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று கேள்வி. சாபம் கொடுக்கவில்லை. நேர்ந்துகொண்டோம். கால்வாயோரத்து மலை சரிந்து அதை மூடினால் கோயிலுக்குப் பெரிய மெழுகுவத்தி எடுப்பதாகப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொண்டோம். போன ஆண்டு மலை சரிந்தது. கப்பல் போக வழியில்லை என்று செய்தி வந்த அன்று ஊரில் மேளம் அடித்தார்கள், நானும் ஆடினேன். மண்ணுக்கடியில் ஆள் யாராவது மாட்டியிருப்பார்களோ என்று மறுநாள்தான் தோன்றியது. அதன்பின் மெழுகுவத்தி எடுத்தோம், ஆனால் மேளமில்லாமல்.

ரயிலும் வரவில்லை. சர்க்கரைக் கப்பல்கள் தெற்கே உலகத்தின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போகின்றனவாம். மாதக்கணக்கில் சுற்றினாலும் சுற்றுவார்களாம், இங்கே வர மாட்டார்களாம். நம் நாட்டில் நடக்கும் சண்டையைப் பார்த்துப் பயம் என்கிறார்கள். இப்போது எப்போதாவது வருகிற ரயிலில் சிப்பாய்கள்தான் வருகிறார்கள். அவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள். விலை கேட்க மாட்டார்கள்.

10. மேற்பார்வையாளரிடம் முறையிட்டேன். அவர் கெட்டவர் அல்ல, களைத்தவர். "அம்மா, கலிபோர்னியாவுலேருந்து கிழக்கே போற பெரிய பெரிய பாதையே கப்பலோட மல்லுக்கட்ட முடியாம சரக்குக் கூலியக் குறைச்சுக்கிட்டு நிக்குது. நம்ம பாதை எம்மாத்திரம்? என் வேலையே எந்த மாசம் வரைக்கும்னு தெரியல" என்றார். வருகிற ஒன்றிரண்டு ரயிலும் அடுத்த நிலையத்திலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ளுமாம், லா கர்சாவில் நிற்கக்கூட வேண்டியதில்லையாம்.

சரி, ரயில் வேண்டாம், எங்கள் ஊற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "உங்க ஊத்துன்னு காகிதம் இருக்கா?" என்று கேட்டார். ஞானஸ்நானத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அம்மா, கம்பெனிக்குக் காகிதம்தான் தெரியும். ஹாலம் துரையும் ஊருக்குத் திரும்பிப்போயிட்டார். ஞானத் தகப்பன் யாராவது இங்க இருந்தா அவரைப் போய்ப் பாருங்க" என்று சொல்லி எழுந்து போனார். அவர் அதைப் பேச்சுக்குச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

11. ரொசலீனோவைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் அவன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிலக்கரி இல்லாததால் முள்மரத்தை வெட்டிப் போடுகிறோம். வீட்டுக்கு ஒரு சுமை விறகு கொண்டுவந்தால் ஊருக்குத் தண்ணீர் ஏறும். கம்பெனிச் சொத்தைத் திருட்டுத்தனமாக இயக்குவதாக அவன்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று அறிகிறேன். அவன் திருடவில்லை. மருமகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாமனை யாரும் திருடன் என்பதில்லை. அவனைத் தண்டிப்பதானால் விறகு சுமந்த எங்கள் எல்லோரையும் சேர்த்துத் தண்டிக்க வேண்டும். தங்கள் சிறையில் அத்தனை இடம் இருக்காது என்று நினைக்கிறேன், அங்கும் நாங்கள் தண்ணீர் கேட்போம்.

12. கால்வாயை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த ஆசை போய்விட்டது. சர்க்கரை ரயிலை வரவழைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. போன கப்பல் போனதுதான், அது தங்கள் கையிலும் இல்லை. தொட்டியும் இயந்திரமும் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது முடியாதென்றால், அவற்றைத் தொடுமுன் ஊற்றின் இரும்பு மூடியை உடைத்து, பழைய படிகளை மூடியிருக்கும் மண்மேட்டைக் கம்பெனி தன் செலவில் அள்ளி அகற்றி, ஊற்றை நாங்கள் கொடுத்தபடியே எங்களிடம் கொடுக்க வேண்டும். முழங்கால் வலித்தாலும் இறங்கி மொண்டுகொள்வோம். இரண்டில் ஒன்று சனிக்கிழமைக்குள் நடந்தாக வேண்டும். தங்கள் உத்தரவு ஒன்று போதும், கம்பெனிக்குக் காகிதம் தெரியும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

13. இனி, நான் கடைசியில் தெரிவிப்பதாகச் சொன்ன செய்தி. இதை எழுதும்போதுதான் திபுர்சியோ இரண்டாம் முறை பேனாவைக் கீழே வைத்தார்.

அன்று ஹாலம் துரைக்குப் பதிலாக நின்ற இளைஞர் வேறொருவரின் காலணியைப் போட்டிருந்தார், அது காலைக் கடித்தது. நொண்டி நொண்டித்தான் முன்னால் வந்தார். "இவளை வாழ்நாள் முழுதும் காப்பாற்றுவாயா?" என்று பாதிரியார் கேட்டார். "காப்பாற்றுவேன்" என்றார். எங்கள் ஊர்க் காற்று தாங்கள் அறிந்ததே, பாதிரியார் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னார், அதுவும் விழவில்லை. மூன்றாம் முறை கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார். "காப்பாத்துவேன் சாமி!" ஊரே கேட்டது, ஊரே சிரித்தது. உடனே குழாயைத் திறந்தார்கள். முதல் தண்ணீர் அந்த இளைஞர் மேலேயே கொட்டித் தலைமுதல் கால்வரை நனைத்துவிட்டது. நான் அவரை என் அடுப்பங்கரைக்கு அழைத்துக்கொண்டுபோய், அவருடைய கோட்டை அடுப்பருகே காயப்போட்டேன். தமால் கொடுத்தேன். வேண்டாம் என்றார், தின்றார், இன்னொன்று கேட்டார். கோட்டின் உள்பக்கம் பெயர் தைத்திருந்தது. நான் படிக்கத் தெரியாதவள், எனவே அவரிடமே கேட்டேன். "எவரிஸ்தோ கார்த்தாஸ்" என்றார். "அம்மா" என்று சேர்த்துச் சொல்ல வந்து நிறுத்தி, "எவரிஸ்தோ கார்த்தாஸ், கொமாத்ரே" என்று திருத்திக்கொண்டார்.

அதன்பின் தாங்கள் தலைநகரத்துக்குப் போய்விட்டீர்கள். எத்தனையோ வேலை, எத்தனையோ ஊர். மறந்திருந்தால் குறை சொல்ல மாட்டேன். முதல் மூன்று மனுக்களையும் யார் யாருக்கோ எழுதினேன். புது ஆட்சித் தலைவரின் பெயரைச் சந்தையில் கேட்டபோதுதான், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் இருந்தது. பிறகு பயமும் வந்தது. பதில் வராத மனுக்கள் எனக்குப் பழகிவிட்டன. இதற்கும் பதில் வரவில்லையென்றால் பழகாது.

தொட்டியைக் கழற்றத்தான் வேண்டும் என்பது தங்கள் முடிவானால், அதையும் எங்கள் வழக்கப்படி செய்து தர வேண்டுகிறேன். பிள்ளை இறந்தால் சவப்பெட்டியில் முதல் கை வைப்பவர் ஞானத் தகப்பன். கம்பெனி ஆட்கள் தொடுமுன், முதல் திருகாணியைத் தாங்களே வந்து தங்கள் கையால் கழற்ற வேண்டும். அழ மாட்டேன், தடுக்க மாட்டேன். தாய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பேன். காற்று எவ்வளவு அடித்தாலும் தாங்கள் அப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது எனக்குக் கேட்கும்.

இனி ரயில் எங்கள் ஊரில் நிற்க வேண்டியதில்லை, ஆனால் சனிக்கிழமை நிற்கும். அதற்கு முன்பே வந்துவிடுங்கள், கொம்பாத்ரே. தமால் வைத்திருப்பேன்.

இடம்: லா கர்சா
தேதி: 9 மார்ச் 1916

இப்படிக்கு,
தங்கள் கொமாத்ரே,
இலாரியா மாத்துஸ்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மேற்படியார் சொல்லச் சொல்ல எழுதியவன்: திபுர்சியோ, கோயில் பணியாளர். அன்று மணியடித்தவன் நானே. மூன்றாம் முறை சொன்னது மணிக்கூண்டு வரை கேட்டது என்பதற்கு நான் சாட்சி.